இரண்டாவது சம்மதம்

மக்ரோனா பாஸ்தா வடித்த கொதிநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. ஆவி முகத்தில் அடிக்க, வெந்த மாவின் வாசமும் வடிகுழாய்க்குள்ளிருந்து கிளம்பிய பழைய சோப்பு நாற்றமும் மூக்கில் ஏற, ராஃபத் பாத்திரத்தைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டு, கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். அவனுடைய பிளாக்கிலிருந்து செய்தி வந்திருந்தது. ஒரே ஒரு சொல்: 'சம்மதம்.'

எதற்குச் சம்மதம்? அன்று அவன் எதையும் எழுதி அனுப்பவில்லையே.

மணி மூன்று நாற்பது. ரமலானின் கடைசி நாள். பாகோஸ் தெருவில் பேரிச்சம்பழக் கடைக்காரனின் கூச்சலும் டிராம் மணியும் கேட்டுக்கொண்டிருந்தன. ராஃபத் ஜன்னலை இறுக்கச் சாத்தி வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நோன்பு வைக்கிறவர்களை எழுத்தில் கிழி கிழி என்று கிழிக்கிற வீரன் அவன். ஆனால் தேநீர் வாசம் வாசல்காவலர் ஷஹாத்தாவின் மூக்குக்குப் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் அந்த வீரம் கொஞ்சம் பின்வாங்கிவிடும்.

அலெக்சாந்திரியாவில் மூளை என்று ஒன்று இருந்தால் அது தன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நாற்பத்தொரு வயதுவரை நம்பி வந்தவன் அவன். அந்த நம்பிக்கையை ஊருக்குச் சொல்லத்தான் பிளாக். அடுத்தவன் கம்பெனியின் இடத்தில் எழுத மாட்டான். குளியலறைக்கு மேலேயிருந்த பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்றி வைத்து, அதையே சர்வராக்கி, அதிலிருந்துதான் தன் பக்கங்களை உலகத்துக்குக் கொடுப்பான். ஷஹாத்தா கண்ணேறு படாமலிருக்கக் கைவண்டியில் கட்டிய நீலமணி, எதிர்வீட்டு சாம்பிராணிப் புகை, மாமியார் ஹாஜா இன்சாஃபின் வாய் முணுமுணுப்பு, எல்லாம் அவனுக்குத் தீனி.

மாமியார் விஷயம்தான் பெரிதாகிப் போனது. கொதிநீரைத் தொட்டிக் குழியில் ஊற்றும் முன் ஒரு கணம் நின்று 'தஸ்தூர்' என்று அனுமதி கேட்பது அங்கே பெண்களின் பழக்கம். கீழே குழிக்குள் குடியிருக்கும் ஜின்கள் விலகிக்கொள்ள அவகாசம் வேண்டாமா? அவர்களை வீட்டின் எஜமானர்கள் என்று ஹாஜா இன்சாஃப் மரியாதையாகத்தான் சொல்வாள். ராஃபத் அதைக் கேலி செய்து ஒரு பதிவு எழுதினான். அப்போது பிளாக்கில் ஒரு சட்டம் இருந்தது. எதை எழுதினாலும் முதலில் ஒத்திகைப் பக்கமாகத்தான் எழும்பும், வெளியாட்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்து இரண்டு பேர் சம்மதம் கொடுத்தால்தான் அது வெளியே போகும். ஒருவன் ராஃபத். இன்னொருத்தி அவன் மனைவி நிஹால். அவள் பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவள், அவன் எழுத்துப் பிழையையும் திமிரையும் சேர்த்தே திருத்துகிறவள். அந்தப் பதிவுக்கு அவள் சம்மதம் தரவில்லை.

விட்டானா? இரண்டு சம்மதம் என்ற சட்டத்தைப் பற்றி ஏற்கெனவே பெருமையடித்து எழுதித் தொலைத்துவிட்டதால் அதைத் தூக்க முடியவில்லை. நிஹாலைத் தூக்கினான். அவள் இடத்தில் ஒரு பொம்மை உறுப்பினரை உண்டாக்கி, எந்த ஒத்திகை வந்தாலும் 'சம்மதம்' என்று மட்டும் சொல்லும்படி பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினான். பொம்மைக்கு 'வீட்டின் எஜமானர்கள்' என்று பெயர் வைத்துக் கைகொட்டிச் சிரித்தான். அப்புறம் தன் விரலை அசைக்கவும் சோம்பல்பட்டு, எஜமானர்கள் சம்மதம் தந்தால் தன் சம்மதமும் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி இன்னும் ஐந்து வரி சேர்த்தான். அந்த மாதம் முழுக்க நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பதிவு தானாக வெளியே போனது, தின்று முடித்த ஊர் கைப்பேசியைக் கையிலெடுக்கும் நேரம் அதுதான் என்பதால். முந்நூறு பேர் சிரித்தார்கள். நிஹால் மகளைத் தூக்கிக்கொண்டு தமன்ஹூருக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்குத் திரும்பி வருகிறாள். அதற்காகத்தான் மக்ரோனா.

கைப்பேசியில் அந்த ஒத்திகைப் பக்கத்தைத் திறந்தான். வெறும் பக்கம். எழுத்து இல்லை, படம் இல்லை. ஆனால் வெள்ளையாகவும் இல்லை. கசிவு இறங்கிய சுவரின் நிறம், நடுவில் கொஞ்சம் கருத்து, ஓரத்தில் மஞ்சள் பூத்து. ஸ்கிரிப்டில் ஏதோ பிழை என்று முடிவு கட்டினான். தன் பிழை இல்லை, அவன் எடுத்துப் பயன்படுத்திய நிரலை எழுதிய யாரோ ஒரு முட்டாளின் பிழை. அழிக்கும் பொத்தானை அழுத்தினான். 'இரண்டு சம்மதம் தேவை' என்றது.

தொட்டிக் குழிக்குள் நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமா?

கைப்பேசி அடித்தது. நிஹால். பின்னால் மைக்ரோபஸ் இரைச்சல்.

"ராஃபத், வண்டி ஏறிட்டோம். பாங்கு சொல்றதுக்குள்ள வந்துடுவோம்."

"வா, வா. சமையல் முடிஞ்சுது."

"அந்தப் பேர எடுத்துட்டியா?"

"எந்தப் பேர?"

"தெரியாத மாதிரி கேக்காத. எடுத்துட்டேன்னு சொன்னதாலதான் வண்டியே ஏறினேன்."

"எடுத்தாச்சும்மா."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். ஏன், உங்கம்மா பக்கத்துல உக்காந்து எழுதிக் கொடுக்கறாங்களா?"

"அம்மா வரல. தாலியா மட்டுந்தான், தூங்கறா. அவளுக்காகத்தான் வர்றேன், அத ஞாபகம் வச்சுக்க. பேரு இன்னும் இருக்குன்னு தெரிஞ்சா பாதி வழியிலயே இறங்கித் திரும்பிடுவேன்."

எடுக்கவில்லை. எடுக்க நேரமா இல்லை? மனமில்லை. ஒரு கிழவியின் முணுமுணுப்புக்குப் பயந்து தன் ஸ்கிரிப்டைத் திருத்துவதா? இப்போதாவது எடுத்துத் தொலைப்போம் என்று மடிக்கணினியை விரித்தான். உறுப்பினர் பட்டியல். 'வீட்டின் எஜமானர்கள்.' நீக்கு. 'இந்த மாற்றத்துக்கு இரண்டு சம்மதம் தேவை. ஒன்று கிடைத்தது. வீட்டின் எஜமானர்களுக்காகக் காத்திருக்கிறது.'

ஒரு மாதமாகக் கண் சிமிட்டும் நேரத்தில் சம்மதம் சொன்ன பொம்மை. இப்போது காத்திருக்கச் சொன்னது. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். ஸ்கிரிப்டைத் திறந்து படித்தான். பத்து வரியும் அப்படியே இருந்தன. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் கடைசியாக ஓடியது ரமலான் முதல் வாரத்தில் என்று காட்டியது. அதற்கப்புறம் அது ஓடவே இல்லை.

அப்படியென்றால் மூன்று வாரமாகச் சம்மதம் சொன்னது யார்?

உடனே அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான்: கடிகாரக் கோளாறு. தன்னிடம் தவறில்லை என்பதற்கு அவனிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

அப்போது இரண்டாவது ஒத்திகை வந்தது, எஜமானர்களின் சம்மதத்தோடு. இந்த முறை பக்கம் வெறுமையாக இல்லை. அவனுடைய பிளாக்கின் 'இந்த வீட்டில்' என்ற பக்கம், நிஹால் ஆசைப்பட்டுப் போட வைத்தது. மேலே சாப்பாட்டு மேசையில் எடுத்த குடும்பப் படம், கீழே மூன்று பெயர்கள். பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று அவனது அமைப்பு காட்டும். போகிற வரி சிவப்பு, வருகிற வரி பச்சை. நிஹால், தாலியா பெயர்களில் நிறமில்லை. ராஃபத் என்ற வரி சிவப்பாக இருந்தது. அதன் கீழே பச்சையில் நான்கு வரிகள். நான்கிலும் எழுத்தே இல்லை.

படத்தைப் பெரிதாக்கினான். நிஹால் சிரித்துக்கொண்டிருந்தாள், தாலியா முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்குப் பின்னால், சமையலறைக் கதவின் இருட்டில், ஈரமாக ஏதோ மின்னியது.

வாசல்மணி அடித்தது. அவன் துள்ளி எழுந்தான். தன்னைத்தானே திட்டிக்கொண்டு போய்த் திறந்தான்.

ஷஹாத்தா. கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். அவர் ராஃபத்தைப் பார்க்கவில்லை, தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"விருந்தாளி வந்திருக்காங்களா இன்ஜினியரே? சொல்லியிருந்தா ரொட்டி கூட வாங்கியிருப்பேனே."

"யாரும் வரலயே."

"பின்ன சமையக்கட்டு ஜன்னல்ல யாரு? பின்பக்கம் குப்பை எடுக்கறப்ப பாத்தேன். மூணு நாலு பேரு. தலையெல்லாம் ஈரம், குளிச்சிட்டு நிக்கறாப்ல."

"ஜன்னல் சாத்தியிருக்கு."

"சாத்தித்தான் இருந்துச்சு. கண்ணாடியில மூஞ்சிய வச்சு அழுத்திக்கிட்டு நின்னாங்க."

"நோன்பு தலைக்கேறிடுச்சு உனக்கு."

"நோன்பு வச்சவனுக்குத்தானே ஏறும், இன்ஜினியரே. தேத்தண்ணி குடிச்சவருக்கு என்ன?"

ராஃபத்தின் முகம் சிவந்தது. "உன்னப் பத்தி எழுதறேன் பாரு."

"எழுதுங்க, எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதது எவ்ளோ சௌகரியம்." ரொட்டியை அவன் கையில் திணித்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பினார். "அம்மாவும் கொழந்தையும் வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். எம்பேச்சு உங்களுக்கு இளக்காரம்தான். ஆனா இன்னைக்கு வேணாம்னு சொல்லிடுங்க. பெருநாளைக்கு நீங்க அங்க போங்க."

கதவை அறைந்து சாத்தினான். படிக்காத பிண்டம். அடுத்த பதிவுக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே நடையில் நின்றான். சமையலறைக்குள் போக வேண்டும். ரொட்டியை வைக்க வேண்டும். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மெதுவாக எட்டிப் பார்த்தான். யாருமில்லை. சாத்திய ஜன்னல், ஆறிப்போன மக்ரோனா, தொட்டி. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படர்ந்திருந்தது, அந்த ஆவியில் நெற்றியும் மூக்கும் பதிந்த தடங்கள் வரிசையாக இருந்தன. நான்கு. தொட்டிக் குழியிலிருந்து நாற்றம் வந்தது. சோப்பு நாற்றம் இல்லை, சூடு பட்ட தோலின் நாற்றம். குழிக்குள் எதுவோ நிதானமாக மூச்சு வாங்கியது.

ஐந்து மணி. நிஹாலை அழைத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பொய் சொன்னேன், பெயர் இன்னும் இருக்கிறது. அவ்வளவுதான். அவள் இறங்கித் திரும்பிவிடுவாள், குழந்தையும் தப்பிக்கும். கைப்பேசியை எடுத்தான். அவள் பெயரில் விரலை வைத்தான். ஹாஜா இன்சாஃப் இதைக் கேட்டு, சொன்னேன் இல்லையா என்று தலையாட்டப்போகும் காட்சி கண்ணுக்கு முன் வந்தது. முந்நூறு பேருக்கு இது தெரிந்தால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

கைப்பேசியைக் கீழே வைத்தான். சொந்த மகளைவிடத் தன் முகம் பெரிதாகப் போன மனிதன். இதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

மடிக்கணினியோடு மல்லுக்கு நின்றான். நேரம் குறித்த வெளியீட்டை நிறுத்து. இரண்டு சம்மதம் தேவை. ஒத்திகையை அழி. இரண்டு சம்மதம் தேவை. தன் சம்மதத்தைத் திரும்பப் பெறு. எஜமானர்கள் தந்ததால் தானாகத் தரப்பட்டது, திரும்பப் பெற இரண்டு சம்மதம் தேவை. ஒவ்வொரு பூட்டும் அவன் போட்டது. ஒவ்வொன்றையும் பற்றி அவன் பெருமையாகப் பதிவு எழுதியிருந்தான்.

படம் மாறிக்கொண்டிருந்தது. பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கதவின் இருட்டிலிருந்தவர்கள் மேசையை நெருங்கியிருந்தார்கள். முதலில் தலைகள். பிறகு தோள்கள், வெந்து உரிந்து தொங்கும் தோலோடு. பிறகு ஒரு கை, அவன் நாற்காலியின் முதுகில்.

நாற்காலி அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மரம் மெல்ல முனகியது.

தெரு காலியாகிவிட்டது. டிராம் இல்லை. கூச்சல் இல்லை. நோன்பு திறக்க எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிட்ட நேரம், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தது. ஜன்னலில் வெயில் ஆரஞ்சாகி மங்கியது. ஆறு மணி ஐந்து. வெளியீடு ஆறு பன்னிரண்டுக்கு.

கடைசியில் அழைத்தான்.

"நிஹால், வராத. நான் பொய்..."

"மறுபடியும் என்ன ராஃபத்? இப்பதானே நீயே கூப்பிட்ட? சீக்கிரம் வா, எல்லாரும் பசியோட இருக்கோம்னு சொன்ன."

"நான் கூப்பிடல!"

"கேக்கல, சத்தமா பேசு. ஏதோ ஃபேன் ஓடற சத்தம் மட்டுந்தான் வருது. சரி, வை, தெருமுனைக்கு வந்தாச்சு."

துண்டித்துவிட்டாள்.

சமையலறைக்கு ஓடினான். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நாற்பத்தொரு வருடம் வாயில் வராத சொல் வந்தது. "தஸ்தூர்." இன்னும் குனிந்தான். "தஸ்தூர். தெரியாம பண்ணிட்டேன். கொழந்த வருது. நிறுத்துங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

குழிக்குள் மூச்சு நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது. 'சம்மதம்.'

ஒரு கணம் உயிர் வந்தது. பிறகு பார்த்தான். நிறுத்தச் சொன்னதற்கு இல்லை. மறுபடியும் வெளியீட்டுக்கு.

மின்சாரம். கம்பியைப் பிடுங்கினால் எல்லாம் செத்துப்போகும். நடையில் சாய்த்திருந்த ஏணியைக் குளியலறைக்கு எதிரே நிறுத்தினான். ஏறினான். பரண் கதவைத் திறந்தான். தூசி, பழைய பெட்டிகள், உள்ளே தூரத்தில் சர்வரின் சின்ன விளக்கு. விசிறி இரைந்தது. வயிற்றால் ஊர்ந்தான். முழங்கை கிழிந்தது. கை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம்.

ஆறு பதினொன்று.

விரல் பட்டது. பிடித்தான். பிடுங்கினான்.

விளக்கு அணைந்தது. பரண் இருண்டது. இருட்டில் கிடந்து மூச்சு விட்டான். முடிந்தது. தன் மூளையை எண்ணி அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைப்பட்டான்.

விசிறி நிற்கவில்லை.

கம்பி அவன் கையில் இருந்தது. விசிறி இரைந்துகொண்டே இருந்தது. காதைத் தீட்டினான். சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. அவன் தொண்டையிலிருந்து வந்தது.

வெளியே பாங்கு எழுந்தது.

கீழே நாற்காலி இழுபடும் ஓசை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

திரும்ப முடியாமல் திரும்பினான். பரண் வாசலுக்கு முகத்தைக் கொண்டுவந்தான். அங்கிருந்து நடை தெரிந்தது, சாப்பாட்டு மேசை தெரிந்தது. ஏணியைக் காணவில்லை. வாசற்கதவில் சாவி திரும்பியது. நிஹாலின் குரல், செருப்பைக் கழற்றும் ஓசை.

கத்தினான். விசிறி கொஞ்சம் வேகமாக ஓடியது.

"பரண் கதவு ஏன் தெறந்து கெடக்கு?" என்றாள் நிஹால். அண்ணாந்து பார்த்தாள். நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அந்த மிஷின அணைச்சு வையேன் ராஃபத், இரைச்சல் தாங்கல."

"அணைச்சுடறேன்" என்றது மேசையிலிருந்து அவன் குரல்.

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து, எதையும் யோசிக்காமல், ஆறு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

தாலியா நடையில் ஓடிவந்தாள். "பாபா! பாபா! எனக்குப் பல்லு விழுந்துடுச்சு!"

அவனுடைய நாற்காலியில், அவனுடைய சட்டையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது குனிந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது. சட்டைக் காலரில் ஈரம் சொட்டியது. மற்ற மூன்றும் அருகே சாய்ந்தன.

"எங்க பாக்கலாம்? நல்லா தெற, கண்ணு."

தாலியா வாயை அகலமாகத் திறந்தாள்.